கழற்றி எடுக்கும் வட்டு (காந்தச் சுவடுகள் – 14)

சென்ற வாரம் டேப்பை ஒரு சிறு அலுவலகத்தின் சர்வருக்குள் குடிவைத்துவிட்டு நிறுத்தினோம். 1952ல் ஐபிஎம் 726 என்ற பெயரில் பீரோ உயரத்துக்கு வந்து நின்ற டேப் டிரைவ், 1989ல் சோனியும் ஹெச்பியும் சேர்ந்து கொண்டுவந்த டிடிஎஸ் வடிவத்தில் உள்ளங்கையில் அடங்கும் கார்ட்ரிட்ஜாகச் சுருங்கிவிட்டது. மாலையில் செருகு, காலையில் எடு, வேறொரு கட்டடத்தில் கொண்டுபோய் வை. பேக்கப் என்றால் அந்த நாளில் இவ்வளவுதான். அந்த இடத்தைப் பிடிக்க டிஸ்க் நடத்திய நீண்ட முயற்சி இந்த வாரக் கதை.

இதை வழக்கமாகச் சொல்லும் முறை ஒன்று உண்டு. டேப் பழையது, மெதுவானது. டிஸ்க் புதியது, வேகமானது. விலை இறங்கியதும் புதியது பழையதை விரட்டிவிட்டது. கேட்கச் சுகமாக இருக்கிறது, தேதிகளோடுதான் ஒட்டவில்லை. டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் போகும் வசதி 1962லேயே வந்துவிட்டது. வேண்டிய கோப்பை நொடியில் தேடித் தருவதில் டேப் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது என்பதும் அன்றே தெரியும். இருந்தும் பேக்கப் வேலை அதன்பின் 40 ஆண்டுகளுக்கு டேப்பிடமே இருந்தது. ஏன்?

எழுதப்படும் பரப்பையும் எழுதும் இயந்திரத்தையும் எந்த இடத்தில் வெட்டிப் பிரிக்கிறோம் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது என்பது என் வாதம். பேக்கப் என்றால் ஏதோ ஒன்று இயந்திரத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். எது வெளியேறுகிறது, எது உள்ளே தங்குகிறது? டேப்பில் இந்தப் பிரிவினை எளிது. நாடா வெளியே, மோட்டார், ஹெட், மின்னணுப் பலகை எல்லாம் உள்ளே. நாடாவும் ஹெட்டும் உரசியே வேலை செய்பவை, கொஞ்சம் தூசி விழுந்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம். டிஸ்க்கில் ஹெட் தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டும் போயிற்று. ஆகவே அங்கே வெட்டுவது எங்கே என்பது கடைசிவரை தீராத வழக்காக இருந்தது. பொறியாளர்கள் வெட்டும் இடத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அதற்கொரு விலை கொடுத்தார்கள்.

*

சான் ஹோசே, 1962

ஐபிஎம்மின் முதல் ஹார்ட் டிஸ்க்கான 350, 1956ல் ராமாக் கணினியோடு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள். எல்லாம் பெட்டிக்குள்ளேயே நிரந்தரம். அக்டோபர் 1962ல் அறிவிக்கப்பட்ட 1311 டிரைவ் அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 14 அங்குல விட்டத்தில் ஆறு தட்டுகளை ஓர் அச்சில் கோத்து, சுமார் நாலரைக் கிலோ எடையில் ஒரு ‘பேக்’. அதில் 20 லட்சம் எழுத்துகள். துணி துவைக்கும் இயந்திரத்தைப் போல மேல்மூடியைத் தூக்கித் திறக்கும் பெட்டி அது. ஆபரேட்டர் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் உறையைப் பேக்கின் மேல் இறக்கித் திருகினால், பேக் உறையோடு கழன்று கையில் வந்துவிடும். அடியில் இன்னொரு மூடியைப் பொருத்தி அலமாரியில் அடுக்கலாம். வெட்டு விழுந்த இடம் தெளிவு: தட்டுகள் வெளியே போயின, ஹெட்டுகள் டிரைவிலேயே தங்கின. டேப்பின் பிரிவினையை அப்படியே டிஸ்க்குக்குப் பொருத்திப் பார்த்த முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

இரண்டு டிரைவ் இருந்தால் ஒரு பேக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்து, நகலை வேறு அறையில் வைக்க முடியும். 1970களில் பிடிபி-11 போன்ற மினி கணினிகள் பரவியபோது, ஆர்கே05 என்ற இரண்டரை எம்பி கார்ட்ரிட்ஜை இன்னொரு கார்ட்ரிட்ஜுக்கு நகலெடுப்பதே பல ஆய்வுக்கூடங்களில் பேக்கப்பாக இருந்தது. நாடாவைச் சுற்றவும் வேண்டாம், தேடவும் வேண்டாம். மூலப் பேக் கெட்டால் நகல் பேக்கை எடுத்து மாட்டினால் போதும், வேலை தொடரும். ‘மீட்டெடுத்தல்’ என்ற ஒரு படியே இல்லாமல் போன பேக்கப் இது. இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை?

ஒரு பேக்கில் ஒரு ஹெட் தட்டில் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காந்தப் பூச்சு உரிந்து தூளாகிறது, ஹெட்டின் அடிப்பாகம் சிதைகிறது. ஆபரேட்டருக்குத் திரையில் தெரிவது ‘படிக்க முடியவில்லை’ என்ற செய்தி மட்டும். டிரைவில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, பேக்கைக் கழற்றிப் பக்கத்து டிரைவில் மாட்டுகிறார். சுரண்டப்பட்ட தட்டு அங்கிருக்கும் நல்ல ஹெட்டையும் உடைக்கிறது. அங்கும் படிக்கவில்லை. அப்படியானால் பேக்தான் கெட்டிருக்கிறது, நகலை எடுப்போம் என்று அலமாரிக்குப் போகிறார். நல்ல நகலைக் கொண்டுவந்து, உடைந்த ஹெட் உள்ள டிரைவில் மாட்டுகிறார். அரை மணி நேரத்துக்குள் மூலம், நகல், இரண்டு டிரைவ் நான்கும் காலி. ஒவ்வொரு அடியிலும் அவர் செய்தது நியாயமான காரியம். அந்தக் காலத்துக் கணினி அறைகளில் இது அரிதான கதையும் இல்லை. சந்தேகத்துக்குரிய பேக்கை இன்னொரு டிரைவில் மாட்டாதே என்பது ஆபரேட்டர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடங்களில் ஒன்றாக இருந்தது. பரப்பையும் ஹெட்டையும் பிரித்து வைத்து, யாரும் யாரோடும் சேரலாம் என்று விட்டால், ஒன்றின் காயம் மற்றொன்றுக்குத் தொற்றும். டேப்பில் இந்தத் தொற்று இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அழுக்கு ஹெட் நாடாவைக் கசக்கும். ஆனால் அது மெல்ல நடப்பது, பெரும்பாலும் ஒரு நாடாவோடு நிற்பது.

*

மூடப்பட்ட கதவு

அடுத்த திருப்பம் 1973ல். ஐபிஎம் 3340, ‘வின்செஸ்டர்’ என்ற செல்லப்பெயரால் அறியப்பட்டது. ராமாக்கில் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஏறத்தாழ 20 மைக்ரான். 3340ல் அது அரை மைக்ரானுக்கு வந்துவிட்டது. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடைவெளியில் சிகரெட் புகைத் துகள்கூடப் பாறாங்கல்தான். எனவே பொறியாளர்கள் வெட்டும் இடத்தை நகர்த்தினார்கள். 3348 என்ற ‘டேட்டா மாட்யூல்’ தட்டுகளையும் ஹெட்டுகளையும் அவற்றின் கையையும் ஒரே உறைக்குள் அடைத்து, 35 அல்லது 70 எம்பி கொள்ளளவோடு, உறையோடு கழற்றப்பட்டது. மோட்டாரும் மின்னணுவும் மட்டும் டிரைவில் தங்கின. ஒவ்வொரு பரப்பும் தன் ஹெட்டோடு மட்டுமே வாழ்ந்து, தன் ஹெட்டோடு மட்டுமே சாகும். தொற்று அதோடு நின்றது.

விலை ஏறியது. ஹெட்டுகள்தான் டிரைவின் விலையுயர்ந்த பாகம். இப்போது ஒவ்வொரு நகலுக்கும் ஒரு செட் ஹெட் வாங்க வேண்டும். வாடிக்கையாளர்களோ மாட்யூலைக் கழற்றுவதே குறைவு. 1975ல் வந்த 3350ல் ஐபிஎம் கழற்றும் வசதியையே எடுத்துவிட்டது. தட்டுகள் நிரந்தரமாக உள்ளே போயின. ஹார்ட் டிஸ்க் தொழில் முழுவதும் பின்னர் அந்த வழியே போயிற்று. இன்று மேசைக் கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த மூடிய பெட்டியின் வாரிசுதான்.

1975ஐ நான் இந்தத் தொடரின் முக்கியமான ஆண்டுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். டிஸ்க் தன் கொள்ளளவைப் பெருக்கிக்கொள்ள வெளியே போகும் உரிமையை விட்டுக்கொடுத்தது. வெளியே போக வேண்டிய வேலை முழுவதும் டேப்பின் மடியில் வந்து விழுந்தது. அடுத்த 20 ஆண்டுகளில் டேப் பெற்ற வெற்றியில் பாதியாவது போட்டியாளர் களத்தை விட்டுப் போனதால் கிடைத்தது.

*

யூட்டாவிலிருந்து ஒரு நீலப் பெட்டி

1980ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ராய் என்ற ஊரில் தொடங்கப்பட்ட ஐயோமெகா, வெட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனது. அதாவது தட்டு வெளியே, ஹெட் உள்ளே. ஆனால் தட்டை மாற்றியது. அதன் ‘பெர்னூலி பாக்ஸ்’ வளையும் பிளாஸ்டிக் தட்டை வேகமாகச் சுழற்றும்; காற்றோட்டத்தின் அழுத்த வேறுபாடு தட்டை ஹெட்டின் பக்கம் இழுத்து, தொடாமல் நிறுத்தும். தூசி புகுந்தாலோ மின்சாரம் போனாலோ தட்டு தானாகத் தளர்ந்து ஹெட்டை விட்டு விலகிவிடும். இடிப்பதற்கு வழியில்லை. இந்த முழுக் கதையிலும் மிக அழகான பொறியியல் இதுதான் என்பது என் கணிப்பு. சந்தை அழகுக்கு மதிப்பெண் போடவில்லை. 1982ல் சையத் இஃப்திகார் தொடங்கிய சைக்வெஸ்ட், உலோகத் தட்டையே கார்ட்ரிட்ஜில் வைத்து 44 எம்பி கொடுத்தது. மெக்கின்டாஷில் பக்கம் வடிவமைத்தவர்களும் அச்சகங்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய படக் கோப்புகளை அச்சகத்துக்கு அனுப்ப அது தபால் உறை மாதிரி பயன்பட்டது. பேக்கப் என்பது அதற்கு இரண்டாவது வேலை.

மார்ச் 1995ல் ஐயோமெகாவின் ஜிப் டிரைவ் கடைக்கு வந்தது. 200 டாலருக்கு ஒரு நீலப் பெட்டி, 20 டாலர் அளவில் ஒரு டிஸ்க், அதில் 100 எம்பி. ஒன்றே முக்கால் எம்பிகூட இல்லாத ஃப்ளாப்பியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது மழை. ஐயோமெகாவின் பங்கு 1996ல் வெறிபிடித்து ஏறியது. டேப்பின் கதை முடிந்தது என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. இரண்டு விஷயங்களை அவர்கள் கவனித்திருக்கலாம். முதலாவது, ஜிப் வந்த ஆண்டில் புதிதாக வாங்கிய கணினியின் ஹார்ட் டிஸ்க் 500 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை. முழு நகலுக்கு ஜிப் டிஸ்க் ஐந்திலிருந்து பத்து வேண்டும், ஒவ்வொன்றாக மாற்ற ஆளும் வேண்டும். இரண்டாவது இன்னும் சுவையானது. பேக்கப்புக்கென்று கேட்ட வாடிக்கையாளருக்கு அதே ஐயோமெகா ‘டிட்டோ’ என்ற டேப் டிரைவை விற்றுக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் பேரில் உலகப்புகழ் பெற்ற நிறுவனம் தன் கடையின் இன்னொரு அலமாரியில் டேப்பை வைத்திருந்தது என்பதைவிடத் தெளிவான சாட்சி எனக்கு வேண்டாம்.

பிறகு பழைய நோய் திரும்பியது. ஜிப் டிரைவின் ஹெட் இடம் பிசகினால், படிக்க முயன்று முயன்று ‘டிக், டிக்’ என்று ஒலி எழுப்பும். ‘மரணச் சொடுக்கு’ என்று பயனர்கள் பெயர் வைத்தார்கள். அந்த டிரைவ் டிஸ்க்கின் ஓரத்தைக் கிழிக்கும். கிழிந்த டிஸ்க்கை நண்பரின் டிரைவில் போட்டுப் பார்த்தால் அங்குள்ள ஹெட்டையும் பிய்த்துவிடும். 1960களின் கணினி அறையில் நடந்த அதே நாடகம், இப்போது லட்சக்கணக்கான மேசைகளில். செப்டம்பர் 1998ல் டெலவேரில் ஐயோமெகா மீது கூட்டு வழக்கு தொடரப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சைக்வெஸ்ட் திவாலானது. அதன் கார்ட்ரிட்ஜ்களில் பத்தாண்டு வேலையைச் சேமித்தவர்கள், படிக்கும் இயந்திரம் செத்துவிடாமல் இருக்கப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார்கள். தொற்று மட்டும் பிரச்சினை இல்லை என்பதை இது காட்டியது. ஹெட்டும் தட்டும் தனித்தனியாக இருந்து, இரண்டையும் ஒரே நிறுவனம் மட்டுமே செய்யும்போது, அந்த நிறுவனத்தின் ஆயுள்தான் பேக்கப்பின் ஆயுள்.

*

வெட்டு வெளியே நகர்கிறது

டேப்பையும் அப்பழுக்கற்றதாகக் காட்டிவிடக் கூடாது. அதே 1998ல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை ஒரு தவறான கட்டளை அழித்துக்கொண்டே போனது. பேக்கப் டேப்பை எடுத்துப் பார்த்தால், அது ஒழுங்காக எழுதப்படவே இல்லை. படத்தைக் காப்பாற்றியது, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கணினி. அதன் டிஸ்க்கில் படத்தின் நகல் இருந்தது. கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, அலுவலகத்துக்கு மெதுவாக ஓட்டிவந்தார்கள். அதிர்ஷ்டக் கதையாகவே இது சொல்லப்படுகிறது. நம் வாதத்தின் வழியே பார்த்தால் இதுவும் கழற்றி எடுத்த டிஸ்க்தான். என்ன, வெட்டு மின்சாரப் பிளக்கில் விழுந்திருக்கிறது. தட்டு, ஹெட், மோட்டார், மின்னணு, கணினி என எல்லாமே சேர்ந்து வெளியே போயின. அபத்தமான செலவு, ஆனால் வேலை செய்தது. பிளக்குக்கும் தட்டுக்கும் நடுவே எங்கேயோ சரியான இடம் இருந்தாக வேண்டும்.

2004ல் ஐயோமெகா கடைசியாக ஒருமுறை தேடியது. ‘ரெவ்’ கார்ட்ரிட்ஜில் 35 ஜிபி தட்டும் மோட்டாரும் உள்ளே, ஹெட்டுகள் டிரைவில். இம்முறை டேப்பின் இடம்தான் குறி என்பதை மறைக்கவில்லை. டேப் நிறுவனங்களின் பழக்கத்தைப் பின்பற்றி, சுருக்கிய தரவைக் கணக்கில் கொண்டு ‘90 ஜிபி’ என்றும் அட்டையில் அச்சிட்டது. ஆனால் ஹெட் டிரைவிலேயே இருக்கும்வரை பழைய இரண்டு வியாதிகளும் கூடவே இருக்கும். சில ஆண்டுகளில் அதுவும் அடங்கியது. 2008ல் ஐயோமெகாவை இஎம்சி வாங்கிக்கொண்டது.

அதே 2004ல் கொலராடோவின் போல்டர் நகரில் ப்ரோஸ்டார் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனம் வெட்டை வேறொரு இடத்தில் வைத்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதே அதன் சாமர்த்தியம். மடிக்கணினிக்கென்று கோடிக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்த இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கை முழுசாக எடுத்து, அதிர்ச்சி தாங்கும் உறைக்குள் போட்டது. தட்டு, ஹெட், மோட்டார், மின்னணு எல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள். ‘டாக்’ என்ற பெட்டியில் மீதியிருந்தது மின்சாரமும் சாட்டா இணைப்பும் பூட்டும் தள்ளுகருவியும். கான்கிரீட் தரையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்பது விளம்பரம். ஆர்டிஎக்ஸ் என்று பெயர். டெல் அதை ஆர்டி1000 என்று விற்றது. ஹெச்பியும் டான்ட்பெர்க் டேட்டாவும் உரிமம் வாங்கின.

வெட்டு இப்போது சாட்டா என்ற பொதுத் தரத்தின் மேல் விழுந்திருந்தது. காயம் தொற்ற வழியில்லை, ஏனென்றால் எந்த ஹெட்டும் வேறு தட்டைப் பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் டிஸ்க் பெருக்கப் பெருக்க, டாக்கை மாற்றாமல் பெரிய கார்ட்ரிட்ஜை வாங்கினால் போதும். டேப்பில் இப்படி நடக்காது. எல்டிஓ டேப்பின் ஏழாம் தலைமுறை டிரைவ் ஐந்தாம் தலைமுறை வரைதான் படிக்கும். நான்காம் தலைமுறை நாடாவைக் கொடுத்தால் கைவிரித்துவிடும்.

*

சிறு அலுவலகத்தில் டேப் தோற்றது இந்தப் பெட்டியால் மட்டுமா என்றால், இல்லை. டேப் தானே அங்கிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. 2003ல் வந்த டாட் 72 கார்ட்ரிட்ஜில் 36 ஜிபி. 2007ல் ஹிட்டாச்சி ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கையே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. சர்வர் வளர்ந்த வேகத்துக்குச் சின்ன டேப்பால் ஓட முடியவில்லை. பெரிய டேப்பான எல்டிஓவோ எதிர்த் திசையில் போய்விட்டது. அதன் மூன்றாம் தலைமுறை நொடிக்கு 80 எம்பி எழுதும். அன்றைய சிறு அலுவலக நெட்வொர்க் நொடிக்கு 12 எம்பியைத் தாண்டாது. தரவு போதாமல் நாடா நிற்கும், பின்னே சுற்றும், மறுபடி ஓடும். வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி டிரைவில் உண்டு, ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் இருக்கிறது. இப்படி முன்னும் பின்னும் இழுபடும்போது நாடாவும் தேயும், ஹெட்டும் தேயும். ஒரு டேப் மிகச் சின்னது, இன்னொன்று மிக வேகமானது. நடுவில் இருந்த காலியிடத்தில்தான் ஆர்டிஎக்ஸ் வந்து உட்கார்ந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இவ்வளவு நல்ல வெட்டு என்றால் பெரிய நிறுவனங்கள் ஏன் டேப்பை விடவில்லை? கணக்கைப் பாருங்கள். டேப்பில் விலையெல்லாம் டிரைவில் இருக்கிறது, நாடா மலிவு. ஆர்டிஎக்ஸில் தலைகீழ்: டாக் மலிவு, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் ஒரு முழு ஹார்ட் டிஸ்க்கின் விலை. ஆகவே எத்தனை நகல் வைத்திருக்கிறீர்கள் என்பதே தீர்ப்பை முடிவு செய்யும். தாத்தா–அப்பா–மகன் என்று பேக்கப் செய்பவர்கள் சொல்லும் சுழற்சியில், வாரநாட்களுக்கு நான்கு, வாரத்துக்கு ஒன்றாக நான்கு, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, ஆக இருபது கார்ட்ரிட்ஜ் வேண்டும். ஐந்தாறு கார்ட்ரிட்ஜோடு சமாளிக்கும் பல் மருத்துவருக்கு டிஸ்க் லாபம். இருபதில் தராசு ஆடத் தொடங்கும். ஆயிரக்கணக்கில் அடுக்கும் வங்கிக்கு டேப் தவிர வேறு வழியே இல்லை. 3348 மாட்யூல் 1973ல் சந்தித்த அதே விலைச் சிக்கல்தான் இது. ஹெட்டை வெளியே அனுப்புகிறவர் ஒவ்வொரு நகலுக்கும் அதன் விலையைக் கட்ட வேண்டும். டிஸ்க் டேப்பை வென்றது என்ற பொதுவான கூற்று, எத்தனை நகல் என்று கேட்ட மாத்திரத்தில் பாதியாகிவிடுகிறது.

இன்னொரு ஆட்சேபம், அலமாரியில் கிடக்கும் டிஸ்க் நம்பத்தக்கதா என்பது. ஆண்டுக்கணக்கில் சுழலாத மோட்டாரின் மசகு இறுகலாம், மின்னணுப் பலகையில் ஒரு பாகம் செத்துப்போகலாம். நாடாவுக்குள் சாகக்கூடிய பாகமே கிடையாது. டிரைவ் செத்தால் வேறு டிரைவ். இந்த ஆட்சேபத்தை நான் முழுக்க ஏற்கிறேன். வாரச் சுழற்சிக்கு டிஸ்க் சரி, 20 ஆண்டு ஆவணக் காப்புக்கு வேண்டாம். எல்லாவற்றையும் வெளியே அனுப்பினால், கெடக்கூடிய எல்லாமே சேர்ந்துதான் போகும்.

மூன்றாவதாக வருவது, கழற்றுவதையே கேலி செய்யும் ஆட்சேபம். டிஸ்க் இவ்வளவு மலிந்தபின் எதற்குக் கையில் தூக்கிக்கொண்டு அலைவது? இன்னொரு ஊரில் இன்னொரு சர்வரை வைத்து, நெட்வொர்க் வழியே நகலெடுத்தால் தீர்ந்ததே. கையில் தூக்குவது தொலையவும் செய்யும் என்பதற்குச் சாட்சிகூட இருக்கிறது. பிப்ரவரி 2005ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, 12 லட்சம் அரசு ஊழியர்களின் விவரங்கள் இருந்த பேக்கப் டேப்புகள் வழியில் காணாமல் போனதாக அறிவித்தது. ஜூனில் சிட்டிகுரூப்பும் அதையே சொன்னது. இம்முறை 39 லட்சம் பேர். தொலைவதற்கு மருந்து குறியாக்கம், அது பிறகு வந்தும்விட்டது. இணைந்தே இருப்பதற்கு அப்படி மருந்து இல்லை. ஜூன் 2014ல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவர் புகுந்து பணம் கேட்டார். நிறுவனம் மீட்க முயன்றதும் சர்வர்களோடு பேக்கப்புகளையும் அழிக்கத் தொடங்கினார். எல்லாம் ஒரே கடவுச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. நிறுவனம் சில மணி நேரத்தில் செயலிழந்து, கடையைக் கட்டியது. அலமாரியில் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ் கிடந்திருந்தால், அதை எந்தக் கடவுச்சொல்லாலும் அழித்திருக்க முடியாது.

*

ஆக 2010 வாக்கில் நிலவரம் இது. சிறு அலுவலகம் டிஸ்க்குக்கு, பெருங்கிடங்கு டேப்புக்கு. இரண்டுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு தரப்பு எழுந்துகொண்டிருந்தது. உலகிலேயே அதிகமாக டிஸ்க் வாங்கியவர்களில் ஒருவரான கூகுள், ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஒன்றுக்கு மேற்பட்ட தரவு மையங்களில் பல நகல்களாக வைத்திருந்தது. எந்த டிஸ்க்கையும் யாரும் கழற்றிக் கையில் எடுக்கும் தேவை அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. வெட்டு எங்கே என்ற நம் கேள்வியே அவர்களிடம் பொருளற்றுப்போனது போலிருந்தது.

2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேர் தங்கள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு கடிதமும் இல்லை. மென்பொருளில் புகுந்த ஒரு பிழை, நகல்களையும் சேர்த்தே துடைத்திருந்தது. சில நாட்களில் கடிதங்கள் திரும்பி வந்தன. எல்லா டிஸ்க்கிலும் அழிந்தவை எங்கிருந்து வந்தன?

(அடுத்த வாரம்)